ஜூன் ஃபோரே எப்படிக் குரல் நடிகை ஆனார்?

‘ராக்கி என்ற பறக்கும் அணிலுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு பெண்மணி என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் யார்? சிறு வயதிலேயே இதற்கென்று பயிற்சி பெற்றாரா? கார்ட்டூன் துறைக்கு எப்படி வந்தார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெயரும் இரண்டு ஆண்டுகளும் போட்டு முடித்துவிடக்கூடிய கேள்விதான். ஆனால் அப்படி முடித்தால், அந்தப் பெண்மணிக்கு வாழ்நாள் முழுவதும் நடந்த அதே அநியாயத்தை நானும் செய்ததாக ஆகிவிடும். எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் ஜூன் ஃபோரே. இயற்பெயர் ஜூன் லூசில் ஃபோரர். 1917ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். தந்தை மாரிஸ், இன்றைய உக்ரைனில் உள்ள ஒடெசா பக்கமிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர், பொறியாளர். தாய் ஐடா. சிறுமி ஜூன் முதலில் ஆசைப்பட்டது குரலுக்கு அல்ல, நடனத்துக்கு. தாயும் நடன வகுப்பில் சேர்த்துவிட்டார். ஆனால் நிமோனியா வந்து படுத்ததால் நடனம் நின்றுபோனது. நடனம் இல்லை என்றான பிறகு அந்தச் சிறுமி நாடகப் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வயதில் உள்ளூர் வானொலி நாடகம் ஒன்றில் அவள் குரல் முதன்முதலாக ஒலித்தது. பதினைந்து வயதில் வானொலியில் தொடர்ந்து நடித்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி பெற்றாரா என்று கேட்டீர்கள். கார்ட்டூன் குரலுக்கென்று பயிற்சி எதுவும் அவர் பெறவில்லை, பெற்றிருக்கவும் முடியாது. 1917இல் பேசும் படமே கிடையாது. ஒலியோடு கூடிய கார்ட்டூன் பரவலாக வெற்றிபெற்றபோது அவருக்கு வயது பதினொன்று. அப்படியொரு தொழில் இருப்பதாகவே யாருக்கும் தெரியாத காலம். அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் வானொலி நாடகம்தான். அது எவ்வளவு கடினமான பள்ளிக்கூடம் என்பதைச் சொன்னால்தான் பின்னால் வருவதெல்லாம் விளங்கும்.

அன்றைய அமெரிக்க வானொலி நாடகங்கள் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. ஒலிநாடாவில் பதிந்து, தவறை வெட்டி ஒட்டும் வசதி 1940களின் பிற்பகுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. நடிகர்கள் கையில் எழுத்துப்பிரதியை வைத்துக்கொண்டு மைக்கைச் சுற்றி நிற்பார்கள். தாள் புரளும் ஓசைகூட மைக்கில் ஏறக்கூடாது. கோபத்தில் கத்த வேண்டிய இடத்தில் ஓர் அடி பின்னால் போக வேண்டும். காதில் கிசுகிசுப்பது போன்ற வசனத்துக்கு மைக்கை நெருங்க வேண்டும். தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்க ஒரே நடிகரிடம் இரண்டு மூன்று வேடங்களைக் கொடுப்பது சகஜம். ஒரே காட்சியில் பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேருமே ஒரே பெண்ணாக இருப்பார். கேட்பவருக்கு முகம் தெரியாது, உடை தெரியாது, ஒப்பனை தெரியாது. வயது, ஊர், படிப்பு, குணம், அந்த நேரத்து மனநிலை என்று எல்லாவற்றையும் குரல் ஒன்றே காட்டியாக வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து இதைச் செய்துவந்த ஒருத்திக்கு, பிற்காலத்தில் ஒரு படத்தைக் காட்டி ‘இது அணில், பேச வை’ என்றால் அது புதிய வேலையாகத் தோன்றியிருக்காது.

ஸ்பிரிங்ஃபீல்டில் டபிள்யூ.பி.இசட்.ஏ. என்ற வானொலி நிலையத்தின் நாடகக் குழுவில் அவர் இருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்த சமயத்தில் தந்தைக்குப் பண நெருக்கடி. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவையே ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. தாயின் சகோதரர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்ததால், குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டின் மறுகோடிக்குப் போனது. ஜூனுக்கு அப்போது பதினேழு வயது. குடும்பத்துக்கு வந்த அந்தக் கஷ்டம்தான் அவரை வானொலியும் திரைப்படமும் குடிகொண்டிருந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்பிரிங்ஃபீல்டிலேயே இருந்திருந்தால் நல்ல உள்ளூர் நடிகையாக இருந்திருப்பார், அதற்கு மேல் இல்லை என்று நான் நம்புகிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் சும்மா காத்திருக்கவில்லை. 1930களின் இறுதியில் ‘லேடி மேக் பிலீவ்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியைத் தாமே எழுதி நடத்தினார். இருபதைச் சுற்றிய வயதில் ஒரு பெண் தன் பெயரில் நிகழ்ச்சி வைத்துக்கொள்வது சாதாரணமில்லை. அடுத்த பத்தாண்டுகளில் ‘லக்ஸ் ரேடியோ தியேட்டர்’ போன்ற பெரிய நாடகங்களில் ஹாலிவுட்டின் முன்னணி நட்சத்திரங்களோடு நடித்தார். 1945 முதல் 1947 வரை, பின்னாளில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஸ்டீவ் ஆலனுடன் ‘ஸ்மைல் டைம்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி. அது வாரத்தில் ஐந்து நாட்கள் ஒலிபரப்பானது. எழுதியவர்கள் எந்தப் பெண்ணை, எந்தக் குழந்தையை, எந்தக் கிழவியை, எந்த நாட்டுக்காரியைக் கற்பனை செய்தாலும் அதற்குக் குரல் ஜூன் ஃபோரேதான். நாள்தோறும் புதுப்புது மனிதர்களை மைக் முன்னால் நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. அவருடைய ‘ஆயிரம் குரல்கள்’ எங்கிருந்து வந்தன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சுட்டுவது இந்த இரண்டு ஆண்டுகளைத்தான்.

அதே காலத்தில் பாரமவுண்ட் வெளியிட்ட ‘ஸ்பீக்கிங் ஆஃப் அனிமல்ஸ்’ என்ற குறும்படத் தொடரிலும் வேலை செய்தார். கார்ட்டூன் இயக்குநர் டெக்ஸ் ஏவரி தொடங்கி, ஜெர்ரி ஃபேர்பேங்க்ஸ் தயாரித்த தொடர். உண்மையான விலங்குகளைப் படம் பிடித்து, அவற்றின் வாய் மட்டும் பேசுவதுபோல வரைந்து சேர்த்திருப்பார்கள். கார்ட்டூனுக்கும் உயிருள்ள நடிப்புக்கும் நடுவில் நிற்கும் விசித்திரமான வேலை. பிறகு கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்தின் சிறுவர் தட்டுகள். அங்கேதான் ஸ்டான் ஃப்ரீபெர்க், டாஸ் பட்லர், மெல் பிளாங்க் போன்ற குரல் நடிகர்களோடு பழக்கம் ஏற்பட்டது. 1953இல் ஃப்ரீபெர்க், பட்லர், ஃபோரே மூவரும் சேர்ந்து செய்த ‘செயின்ட் ஜார்ஜ் அண்ட் தி டிராகனெட்’ என்ற நையாண்டித் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. அந்த வட்டம் மிகச் சிறியது. ஒரு ஸ்டுடியோவில் ஒருவர் நன்றாகச் செய்தால் மறுநாள் அடுத்த ஸ்டுடியோவுக்குச் செய்தி போய்விடும்.

அப்படித்தான் டிஸ்னியிடமிருந்து அழைப்பு வந்தது. ஆனால் கொடுத்த வேடம் பேசாத வேடம். 1950இல் வெளியான ‘சிண்டரெல்லா’ படத்தில் வரும் லூசிஃபர் என்ற கொழுத்த பூனை. உறுமல், சீறல், திருப்தியில் எழும் முனகல், அவ்வளவுதான். ஒரு சொல்கூட இல்லை. அந்தப் படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தால் பூனையை மட்டும் காதால் கவனித்துப் பாருங்கள். சோம்பலும் குரூரமும் கலந்த ஒரு முழு ஆளுமை அந்த ஓசைகளில் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து ‘பீட்டர் பான்’ படத்தில் கடற்கன்னிகளை வரைவதற்கு மாதிரியாக ஓவியர்களுக்கு முன்னால் நடித்தும் காட்டினார். அவர் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. ஆனால் உடல் முழுவதையும் கொண்டு நடிப்பவர். சிறுவயதில் விட்டுப்போன நடனம் முற்றிலும் விட்டுப்போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

1952இல் டிஸ்னியின் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்ற டொனால்ட் டக் குறும்படத்தில் விட்ச் ஹேசல் என்ற சூனியக்காரிக்குக் குரல் கொடுத்தார். இந்த வேடம்தான் அவரை வார்னர் பிரதர்ஸுக்குக் கொண்டுபோனது. அங்கே சக் ஜோன்ஸ் என்ற இயக்குநர், பக்ஸ் பன்னி படங்களில் அதே பெயரில் ஒரு சூனியக்காரியை உருவாக்கினார். டிஸ்னியின் பெயரை எப்படி எடுத்தாள முடிந்தது என்றால், விட்ச் ஹேசல் என்பது ஒரு செடியின் பெயர். அதிலிருந்து எடுக்கும் சாறு அமெரிக்காவின் மருந்துக் கடைகளில் காலங்காலமாக விற்கப்படுகிறது. அதன்மீது யாரும் உரிமை கொண்டாட முடியாது. 1954இல் வந்த முதல் படத்தில் பீ பெனடெரட் என்ற நடிகை குரல் கொடுத்தார். 1956இல் ‘ப்ரூம்ஸ்டிக் பன்னி’ படத்திலிருந்து ஜூன் ஃபோரே. அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறீர்களா? கட்டுக்கடங்காமல் மேலே மேலே போய், மூச்சு வாங்கி, மறுபடி கிளம்பும் சிரிப்பு. சூனியக்காரி சிரித்துக்கொண்டே பறந்து போவாள். அவள் தலையிலிருந்த கொண்டை ஊசிகள் மட்டும் அந்தரத்தில் சுழன்றுகொண்டிருக்கும். கதையின் முடிவில் அவள் ஒரு மருந்தைக் குடித்து அழகியாகிவிடுவாள். அந்த அழகியின் முகத்தை ஜோன்ஸின் குழு ஜூன் ஃபோரேயின் முகத்தைப் பார்த்தே வரைந்தது. அவர் வாழ்வில் முகமும் குரலும் ஒரே உருவத்தில் திரையில் சேர்ந்த அபூர்வமான இடம் அது.

பீ பெனடெரட்டைச் சொன்னேன். இந்த இருவரின் தொழிலும் பின்னிப் பிணைந்தது. ட்வீட்டி, சில்வெஸ்டர் கார்ட்டூன்களில் வரும் பாட்டியம்மாவுக்கு முதலில் பெனடெரட்தான் குரல். 1955இலிருந்து ஃபோரே, அந்தப் பாட்டியை அவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் விடவில்லை. 1990களில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அந்தப் படங்களை ஆங்கிலத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் ஜூன் ஃபோரேயைக் கேட்டு வளர்ந்தவர்களே. இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. 1959இல் ஹன்னா–பார்பெரா நிறுவனம் ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடருக்காக ஒரு மாதிரிப் படம் எடுத்தபோது பெட்டி ரபிள் வேடத்துக்குக் குரல் கொடுத்தவர் ஃபோரே. தொடர் உண்மையில் தொடங்கியபோது அந்த வேடம் பெனடெரட்டுக்குப் போய்விட்டது. ஃபோரேக்கு அது பெரும் ஏமாற்றம். குரல் நடிப்புத் தொழிலில் இது எப்போதும் இருக்கும் ஆபத்து. உருவம் ஸ்டுடியோவின் சொத்து, அதற்குள் யார் பேசுவது என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்றிவிடலாம்.

இப்போது அந்த அநியாயத்துக்கு வருகிறேன். வார்னர் கார்ட்டூன்களின் தொடக்கப் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள்: குரல் என்ற இடத்தில் பல ஆண்டுகளுக்கு மெல் பிளாங்க் என்ற ஒரே பெயர்தான் இருக்கும். 1940களில் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அப்படி. குரல் நடிகர் ஒருவரின் பெயர் திரையில் வந்ததே அந்த ஒப்பந்தத்தால்தான் என்பதால் பிளாங்கைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மற்றவர்கள் அனைவரும் அந்தப் பெயரின் பின்னால் மறைந்துபோனார்கள். பாட்டியம்மாவும் சூனியக்காரியும் பேசிய பல படங்களில்கூட ஃபோரேயின் பெயர் கிடையாது. 1966இல் ‘ஹௌ தி கிரின்ச் ஸ்டோல் கிறிஸ்துமஸ்’ தொலைக்காட்சிப் படத்தில் சிண்டி லூ ஹூ என்ற குட்டிப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தார். அமெரிக்காவில் ஒவ்வொரு டிசம்பரும் கோடிக்கணக்கானோர் கேட்கும் அந்தக் குரலுக்கும் படத்தில் பெயர் போடவில்லை. ரசிகர்கள் அவரைப் பெண் மெல் பிளாங்க் என்று பாராட்டியபோது, மெல் பிளாங்க்தான் ஆண் ஜூன் ஃபோரே என்று சக் ஜோன்ஸ் திருத்தினார். இருவரோடும் நெருங்கி வேலை செய்தவர் சொன்னது என்பதால் அந்தத் திருத்தத்துக்கு மதிப்பு அதிகம்.

சரி, ராக்கி.

ஜே வார்டு என்ற தயாரிப்பாளர் 1950களின் இறுதியில் ஃபோரேயை மதிய உணவுக்கு அழைத்தார். ஒரு பறக்கும் அணில், ஒரு மூஸ் மான், இரண்டும் சேர்ந்து செய்யும் சாகசங்கள், கூடவே இரண்டு வெளிநாட்டு உளவாளிகள் என்று கதை சொன்னார். முதலில் கேட்டபோது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியதென்றும், மார்டினி என்ற மது உள்ளே போன பிறகு நல்ல யோசனையாகப் பட்டதென்றும் ஃபோரே பிற்காலத்துப் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். 1958இல் முன்னோட்டப் படத்துக்கு ஒலிப்பதிவு நடந்தது. அதன்பிறகு நீண்ட மௌனம். 1959 நவம்பர் 19 அன்று ‘ராக்கி அண்ட் ஹிஸ் ஃபிரெண்ட்ஸ்’ ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. 1961இல் என்பிசிக்கு மாறி ‘தி புல்விங்கிள் ஷோ’ என்ற பெயரில் 1964 வரை ஓடியது.

தொடரைப் பார்த்தால் படம் சுமாராகத்தான் இருக்கும். செலவைக் குறைப்பதற்காக வரையும் வேலையை மெக்சிகோவில் அப்போதுதான் ஏற்படுத்திய ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பினார்கள். அசைவுகள் விறைப்பாக இருக்கும். ஒரு காட்சியில் இருந்த பொருள் அடுத்த காட்சியில் இருக்காது. ஆனால் எழுத்தும் குரலும் முதல்தரம். பில் ஸ்காட் தலைமை எழுத்தாளர், அவரே புல்விங்கிள் மானுக்கும் குரல். பால் ஃப்ரீஸ் உளவாளி போரிஸ். கதைசொல்லி வில்லியம் கான்ராட். பெண் குரல்கள் கிட்டத்தட்ட அனைத்தும் ஜூன் ஃபோரே. அமெரிக்கக் கார்ட்டூன்களில் குரலை முதலில் பதிவுசெய்துவிட்டு, அதைக் கேட்டபடிதான் வரைவார்கள். எனவே வரைபவர்களுக்கு வழிகாட்டியதும் இந்த நால்வரின் நடிப்புத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தத் தொடர் முழுமையாகப் புரியும். வானொலியில் வளர்ந்தவர்கள் ஒன்றுகூடிச் செய்த வேலை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ராக்கிக்கு அவர் கொடுத்தது பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் குரல். துடிப்பு, நேர்மை, கொஞ்சம் கவலை. ஒரு பெண் ஏன் சிறுவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று சிலர் வியப்பார்கள். காரணம் எளியது. உண்மையான சிறுவனை அமர்த்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் குரல் உடைந்துவிடும். குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்கான நேரக் கட்டுப்பாடுகளும் உண்டு. பயிற்சி பெற்ற பெண் நடிகையால் அதே குரலைப் பத்தாண்டுகள் கழித்தும் கொண்டுவர முடியும். ஃபோரே இதை எல்லை வரை நிரூபித்தார்: 2000ஆம் ஆண்டில் ராக்கி, புல்விங்கிள் பாத்திரங்களை வைத்துத் திரைப்படம் எடுத்தபோது, எண்பது வயதைத் தாண்டிய அவரே மறுபடியும் ராக்கி ஆனார்.

அதே தொடரில் ராக்கியைக் கொல்லத் திட்டமிடும் நடாஷா ஃபடாலியும் அவர்தான். கிழக்கு ஐரோப்பிய வாடையடிக்கும் கனத்த உச்சரிப்பு, சோம்பலான, மயக்கும் தொனி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் என்பதால் எந்த நாட்டை நையாண்டி செய்கிறார்கள் என்பது பார்ப்பவர்களுக்குப் புரியும். ஆனாலும் தொடரில் அது பாட்ஸில்வேனியா என்ற கற்பனை நாடு. தந்தை வழியில் ஒடெசா இருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு இத்தகைய உச்சரிப்புகள் சிறுவயதிலேயே காதில் விழுந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். இதே தொடரின் மற்றப் பகுதிகளில் வரும் இளவரசிகள், சூனியக்காரிகள், டட்லி டூ-ரைட் கதையின் நெல் ஃபென்விக் என எல்லாம் அவரே. 1967இல் ஜே வார்டின் ‘ஜார்ஜ் ஆஃப் தி ஜங்கிள்’ தொடரில் அர்சுலாவும் அவர்தான்.

என்னைக் கேட்டால் அவருடைய மிகச்சிறந்த நடிப்பு கார்ட்டூனிலேயே இல்லை. மட்டல் நிறுவனம் 1960 வாக்கில் ‘சாட்டி கேத்தி’ என்ற பேசும் பொம்மையை விற்கத் தொடங்கியது. முதுகில் உள்ள கயிற்றை இழுத்தால் உள்ளே இருக்கும் சிறிய இசைத்தட்டு சுழன்று, ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ போன்ற சிறு வாக்கியங்களைப் பேசும். அந்தக் குரல் ஜூன் ஃபோரே. 1963 நவம்பரில் ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரில் ‘லிவிங் டால்’ என்றொரு கதை வந்தது. டாக்கி டீனா என்ற பேசும் பொம்மை, வீட்டிலிருக்கும் கொடுமைக்கார மாற்றாந்தந்தையை மிரட்டத் தொடங்குகிறது. அதற்கும் அவரையே அமர்த்தினார்கள். முதலில் உன்னை மிகவும் நேசிக்கிறேன் என்கிறது. பிறகு உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறது. பின்னர் உன்னைக் கொல்லப்போகிறேன் என்கிறது. வேறு எந்த நடிகையும் அந்தக் கொலை மிரட்டலில் குரலைத் தாழ்த்தி, கரகரப்பாக்கி, பேயாக்கியிருப்பார். ஃபோரே தொனியை மாற்றவே இல்லை. அன்பைச் சொன்ன அதே இனிப்பான, சிறு பெண் குரலில்தான் கொலையையும் சொல்கிறார். நாடு முழுவதும் குழந்தைகள் அணைத்துக்கொண்டு தூங்கிய பொம்மையின் குரல் அது என்பதால் வரும் நடுக்கம் வேறு எதிலும் வராது. எதைச் செய்யாமல் விட வேண்டும் என்று தெரிந்தவரின் நடிப்பு அது.

முகம் காட்டி நடித்தது மிகக் குறைவு. 1954இல் வந்த ‘சபாக்கா’ என்ற படத்தில், இந்தியாவில் நடப்பதாக எழுதப்பட்ட கதையில், நெருப்பை வழிபடும் கூட்டத்தின் பூசாரினியாக வந்தார். ஹாலிவுட்டுக்குத் தோன்றிய இந்தியா அது. அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1975இல் சக் ஜோன்ஸ் எடுத்த ‘ரிக்கி-டிக்கி-டாவி’ தொலைக்காட்சிப் படத்தில், கீரியை எதிர்க்கும் நாகைனா என்ற பெண் நாகத்துக்கு அவர் கொடுத்த குரலைக் கட்டாயம் கேட்க வேண்டும். முட்டைகளைக் காக்க நினைக்கும் தாயின் ஆத்திரமும் நஞ்சும் ஒரே மூச்சில் வரும். அதே ஆண்டு வெளியான ‘ஜாஸ்’ படத்தில் கடற்கரைச் சிறுவர் சிலரின் குரலும் பெயர் இல்லாமல் அவர் கொடுத்ததே.

1980களில் தொலைக்காட்சிக் கார்ட்டூன்கள் பெருகின. ‘ஸ்மர்ஃப்ஸ்’ தொடரில் வெடிக்கும் பரிசுப் பெட்டியோடு அலையும் ஜோக்கி, ‘கம்மி பேர்ஸ்’ தொடரின் கிராமி, ‘டக்டேல்ஸ்’ தொடரின் சூனியக்காரி மேஜிகா, கொள்ளைக்காரத் தாய் மா பீகிள் எல்லாம் அவர். டக்டேல்ஸை நம் ஊரில் தூர்தர்ஷனில் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது இந்தி ஒலிப்பதிவு. அவர்கள் கேட்டது வேறு குரல்.

1998இல் டிஸ்னியின் ‘முலான்’ படத்தில் பாட்டி வேடம். இதில் ஒரு விவரம் என்னை எப்போதும் நெகிழ வைக்கிறது. பாட்டி பேசும்போது குரல் ஜூன் ஃபோரே; பாடும்போது மார்னி நிக்சன். இந்த நிக்சன், ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகவும் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நடாலி உட்டுக்காகவும் பெயர் வெளியே தெரியாமல் பாடியவர். நம் திரைப்படங்களில் பின்னணிப் பாடகரின் பெயர் படத்துக்கு முன்பே பாட்டோடு ஊரெல்லாம் பரவிவிடும். ஹாலிவுட்டில் அதை மறைத்தார்கள். (பாடகருக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, நடிகைக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவருக்கு இங்கேயும் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.) ஆண்டாண்டுகளாகப் பிறர் முகங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒரே பாட்டிக்குள் சந்தித்துக்கொண்டார்கள், இம்முறை இருவரின் பெயரும் பட்டியலில் இருந்தது.

அவர் தொழில் வாழ்க்கையின் இன்னொரு பாதியைச் சொல்லாவிட்டால் பதில் அரைகுறையாகிவிடும். தமக்குப் பெயர் கிடைக்கவில்லை என்று மனம் கசந்து ஒதுங்காமல், அந்தத் துறைக்கே பெயர் தேடித்தர அவர் இறங்கினார். அனிமேஷன் கலைஞர்களின் சர்வதேச அமைப்பான அசிஃபாவின் ஹாலிவுட் கிளையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1972இல் ஆண்டுதோறும் அனிமேஷனுக்கென்றே விருது வழங்க வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தவர் அவர்தான். அதற்கு ‘ஆனி’ என்று பெயரிடலாம் என்றவர் அவர் கணவர், எழுத்தாளர் ஹோபார்ட் டோனவன். முதல் விருது, பெட்டி பூப், பாப்பாய் படங்களை உருவாக்கிய ஃபிளைஷர் சகோதரர்களுக்குப் போனது. இன்று ஆனி விருது அத்துறையின் உயர்ந்த மரியாதைகளில் ஒன்று. 1995இல் அவர் பெயரிலேயே ஒரு விருதை ஏற்படுத்தி, அதன் முதல் விருதை அவருக்கே அளித்தார்கள்.

ஆஸ்கர் வழங்கும் அகாதமியின் நிர்வாகக் குழுவிலும் பல ஆண்டுகள் இருந்தார். முழுநீள அனிமேஷன் படங்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று அங்கே விடாமல் வாதாடியவர்களில் முக்கியமானவர் அவர். கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கான இடைவேளைச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசிப் புரியவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவு 2001ஆம் ஆண்டின் படங்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. முதல் விருது ‘ஷ்ரெக்’ படத்துக்கு. எந்த மேடையிலும் அந்த விருதை ஜூன் ஃபோரே பெறப்போவதில்லை என்பது தெரிந்தும் அவர் அதற்காக உழைத்தார். நடிப்பைவிட இதற்காக அவரை நான் அதிகம் மதிக்கிறேன்.

தனக்கான மரியாதைகள் தாமதமாக வந்தன. ஹாலிவுட் புகழ் நடைபாதையில் அவர் பெயர் பொறித்த நட்சத்திரம் பதிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில், எண்பத்திரண்டு வயதில். 2012இல் ‘தி கார்ஃபீல்டு ஷோ’வில் நடித்த வேடத்துக்கு டேடைம் எம்மி விருது கிடைத்தபோது வயது தொண்ணூற்று நான்கு. அது கௌரவ விருது அல்ல. மற்ற நடிகர்களோடு போட்டியிட்டு வென்றது. 2017 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். நூறு வயது நிறைய இரண்டு மாதங்கள்கூட இல்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். முதலில் ‘ப்ரூம்ஸ்டிக் பன்னி’. அடுத்து ‘லிவிங் டால்’. பிறகு ராக்கி தொடரில், ராக்கியும் நடாஷாவும் ஒரே காட்சியில் வரும் அத்தியாயம் எதுவானாலும் ஒன்று. மூன்றையும் ஒரே மாலையில் கேட்டால், ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்பதற்கான தடயத்தைத் தேடிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒரே ஓர் இடத்தில் அது அகப்படும்: வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அவர் ஒருபோதும் விழுங்குவதில்லை. நேரடி வானொலியில் பழகியவர்களின் பழக்கம் அது.